சேர் மாக்கான் மாக்கார்: வறண்ட காலத்துப் போக்குவரத்து மந்திரி

கொழும்பிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதை மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து, காடுகளினூடாகக் கல்லோயாச் சந்தியை அடைந்து, அங்கே மீண்டும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை திருகோணமலைக்குச் செல்ல, மற்றையது பொலன்னறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை ஊடாக மட்டக்களப்பை வந்தடைகின்றது. 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்பு நகரைத் தொட்ட இப்பாதை அதன் பிறகு ஓரடி தூரமேனும் தெற்கே நீண்டதில்லை. மட்டக்களப்பு வாவியின் தென்கோடியிலும் அதற்கு அப்பாலும் உள்ள கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் முதலான ஊர்களின் மக்களுக்குப் புகையிரதம் என்பது பஸ் ஏறிப் போய்ப் பிடிக்க வேண்டிய ஒன்றாகவே இருந்து வருகின்றது.

பாதை வந்து சேர்ந்து மூன்றே ஆண்டுகளில், 1931இல், இந்தத் தென்புறத்து ஊர்களைக் கொண்ட மட்டக்களப்பு தெற்குத் தொகுதியில் இருந்து ஒருவர் அரசாங்க சபைக்குத் தெரிவானார். தெரிவான கையோடு இலங்கையின் புகையிரதம், வீதி, பாலம், துறைமுகம், தபால், தந்தி அனைத்துக்கும் பொறுப்பான மந்திரியும் ஆனார். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலாவது போக்குவரத்து மந்திரி அவரே. இலங்கையின் முதலாவது முஸ்லிம் மந்திரியும் அவரே. சேர் முகம்மது மாக்கான் மாக்கார் என்ற பெயரை இன்று முஸ்லிம் அரசியல் வரலாற்றுக் கட்டுரைகளின் பட்டியல்களில் காணலாம். அவர் வகித்த பதவியின் உள்ளடக்கம் என்ன, அந்தப் பதவியை வைத்து அவரால் எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியவில்லை என்ற விபரங்களுக்குள் எவரும் அதிகம் போவதில்லை. அரச போக்குவரத்துச் சேவைகளின் நட்டக் கணக்கு மீண்டும் மீண்டும் பேசப்படும் ஒரு நாட்டில் அது வருந்தத்தக்கதாகும்.

அன்னார் கிழக்கிலங்கையைச் சேர்ந்தவர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளின் பிற்பகுதியில், காலியின் புகழ்பெற்ற இரத்தின வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஓ.எல்.எம். மாக்கான் மாக்கார் என்ற அந்தக் குடும்ப நிறுவனம் 1860இல் காலியிலே தொடங்கப்பட்டது. காலி அந்நாளில் இலங்கையின் முதன்மைத் துறைமுகமாக விளங்கியது. ஐரோப்பாவுக்கும் கீழைத் தேசங்களுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் அங்கேதான் நங்கூரமிட்டன. கரையிறங்கிய பயணிகளே இரத்தினக் கற்களின் வாடிக்கையாளர். 1875இல் கொழும்பில் அலைதாங்கிச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, அடுத்த பத்தாண்டுகளில் வேலை நிறைவுற்றதும் கப்பல்கள் கொழும்புக்கு மாறின. காலி படிப்படியாக ஒளி இழந்தது. மாக்கான் மாக்கார் குடும்பத்தின் வணிகமும் கொழும்புக்கு நகர்ந்து அங்குள்ள பெரிய ஹோட்டல்களை ஒட்டி வளர்ந்தது. ஒரு துறைமுகம் எங்கே கட்டப்படுகின்றது என்ற அரசாங்கத் தீர்மானம் ஓர் ஊரை எப்படி ஏற்றும், எப்படி இறக்கும் என்பதை ஏட்டில் படித்து அறிய வேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்காது. அவரது குடும்பத்தின் வியாபாரக் கணக்கிலேயே அது எழுதப்பட்டிருந்தது.

துருக்கிய மரியாதைப் பட்டமான எபென்டி என்பதும் அவர் பெயருடன் சேர்த்து வழங்கப்பட்டது. உஸ்மானியப் பேரரசுடன் இலங்கை முஸ்லிம் பிரமுகர்கள் கொண்டிருந்த தொடர்பின் எச்சம் அது. 1924ஆம் ஆண்டின் சீர்திருத்தப்பட்ட சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கென மூன்று இனவாரி ஆசனங்கள் இருந்தன. என்.எச்.எம். அப்துல் காதர், ரீ.பி. ஜாயா ஆகியோருடன் மாக்கான் மாக்காரும் அவ்வாசனங்களில் அமர்ந்தார். மூவருள் ஜாயா கல்விமான். மாக்கான் மாக்கார் வணிகர்.

டொனமூர் ஆணைக்குழு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. சர்வஜன வாக்குரிமையை வழங்கிய அக்குழு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கியது. முஸ்லிம் பிரதிநிதிகள் இதனை எதிர்த்தனர். தீவெங்கும் சிதறி வாழும் ஒரு சமூகம் பிரதேசத் தொகுதிகளில் கரைந்து போய்விடும் என்ற அச்சம் நியாயமற்றது எனச் சொல்லிவிட முடியாது. முஸ்லிம்கள் திரளாக வாழும் கரை ஒன்றுதான் இருந்தது. அது கிழக்குக் கரை. காலியில் பிறந்து கொழும்பில் வணிகம் செய்த மாக்கான் மாக்கார் மட்டக்களப்பு தெற்கில் போட்டியிட வந்ததன் காரணத்தை இந்தக் குடிசனக் கணக்கில்தான் தேட வேண்டும். எனினும் அத்தொகுதி முஸ்லிம்கள் மட்டுமே வாழ்ந்த தொகுதி அன்று. தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் ஒன்றை அடுத்து ஒன்றாகப் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல அடுக்கி வைக்கப்பட்டிருப்பதாக இப்பிரதேசத்தார் சொல்லிக் கொள்வது வழக்கம். 1931இல் முதன்முதலாக வாக்குச்சீட்டைக் கையில் எடுத்த மக்கள் இவர்கள். அத்தேர்தலில் இலங்கை முழுவதிலும் தெரிவான ஒரே முஸ்லிம் உறுப்பினர் மாக்கான் மாக்கார்.

அக்காலத்தில் இந்தப் பிரதேசத்தின் போக்குவரத்து எந்நிலையில் இருந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. சந்தை, பாடசாலை, வைத்தியசாலை, காரியாலயம் எல்லாம் எழுவான்கரையில். வயலும் மாடும் விறகும் படுவான்கரையில். இரண்டுக்கும் இடையே நீர். அம்பிளாந்துறை, மண்டூர், மண்முனை என நீளும் வாவிக்கரை ஊர்ப்பெயர்களைச் சொல்லும்போதே ஓடமும் தோணியும் கண்முன் வரும். பிற்காலத்தில் ஓடத்தின் இடத்தை வாகனமும் ஏற்றிச் செல்லும் மிதவைகள் பிடித்தன. இப்பகுதி மக்கள் அதனையும் பாதை என்றே அழைக்கின்றனர். தண்ணீரில் மிதந்து போகும் ஒன்றைப் பாதை என்று சொல்லும் ஊர் இது.

வெளியுலகுடனான தொடர்பு நெடுங்காலம் கடல் வழியாகவே நடந்தது. உள்நாட்டுடனான தொடர்பைப் பேணியவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் தவள வணிகர்கள். உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளின் முதுகில் ஏற்றி ஊவாவின் கிராமங்களுக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து மலைநாட்டுப் பொருட்களுடன் திரும்பினர். பின்னர் வண்டிப் பாதைகள் வந்தன. பதுளையிலிருந்து செங்கலடிக்கு இறங்கும் வீதியும் பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்புக்கு வரும் கரையோர வீதியும் உருவாகின. வாவி கடலோடு கலக்கும் பக்கத்தில் நகரையும் கல்லடியையும் பிரித்து நின்ற நீரின் குறுக்கே 1924இல் இரும்புப் பாலம் கட்டப்பட்டது. அப்போதைய தேசாதிபதி சேர் வில்லியம் மனிங்கின் துணைவியார் பெயரால் அது லேடி மனிங் பாலம் எனப்பட்டது. மக்களுக்கு அது கல்லடிப் பாலம். நான்கு ஆண்டுகளில் புகையிரதமும் வந்தது.

பாலமும் புகையிரதமும் ஒரே தசாப்தத்தில் வந்தமை தற்செயலன்று. முதலாம் உலகப் போருக்குப் பிந்திய இருபதுகளில் தேயிலையும் இறப்பரும் நல்ல விலை பெற்றன. திறைசேரியில் பணம் இருந்தது. கடன் வாங்கவும் முடிந்தது. 1926இல் புத்தளம், 1927இல் திருகோணமலை, 1928இல் மட்டக்களப்பு எனப் பாதைகள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. தோட்டங்களைத் துறைமுகத்தோடு இணைக்கும் நோக்கில் 1860களில் தொடங்கிய புகையிரதம், தோட்டம் இல்லாத வறண்ட வலயத்துக்குள் நுழைந்த காலம் அது. ஆனால், மாகோவுக்கும் வாழைச்சேனைக்கும் இடையே அப்போது இருந்தவை காடும் பாழடைந்த குளங்களும் மலேரியாவும்தான். இடையில் ஏறி இறங்குவோர் சொற்பம். இரு நுனிகளுக்கும் இடையே வருமானம் தராத நீண்ட தூரத்தைப் பராமரிக்க வேண்டியிருந்தது. ஓட்டமாவடியில் புகையிரதமும் மோட்டார் வாகனங்களும் ஒரே பாலத்தை மாறிமாறிப் பயன்படுத்தும் வகையில் சிக்கனம் பார்க்கப்பட்டது. அந்தச் சிக்கனத்தைத் தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் அவ்வழியே பயணம் செய்தவர்கள் அறிவார்கள்.

மாக்கான் மாக்கார் பதவியேற்றபோது கட்டும் காலம் முடிந்து கடன் கட்டும் காலம் தொடங்கியிருந்தது. 1929இல் ஆரம்பித்த உலகப் பொருளாதார மந்தம் 1931இல் இலங்கையை முழுமையாகப் பிடித்துக் கொண்டது. இறப்பர் விலை விழுந்தது, தேங்காய் விலை விழுந்தது, தேயிலையும் தப்பவில்லை. ஏற்றுமதி இறக்குமதித் தீர்வைகளை நம்பி வாழ்ந்த அரசாங்கத்தின் வருமானம் அவற்றோடு சேர்ந்து சரிந்தது. முதன்முதலாக வருமான வரி 1932இல் விதிக்கப்பட்டது. இந்த நிலையில் புதிய பாதை என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. உள்ள பாதையைக் காப்பாற்றுவது எப்படி என்பதே கேள்வியாயிற்று.

அவருடைய கையில் இருந்த அதிகாரமும் நாம் இன்று மந்திரி என்ற சொல்லைக் கேட்டதும் எண்ணிக் கொள்வது போன்றதல்ல. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அரசாங்க சபை உறுப்பினர் அனைவரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு தலைவரைத் தெரிவு செய்தது. அவரே மந்திரி. மந்திரி தனித்துத் தீர்மானிக்க முடியாது. குழு தீர்மானிக்கும், அவர் அதைச் சபையில் முன்வைப்பார். நிதி மந்திரி என்று ஒருவர் மக்கள் பிரதிநிதிகளுள் இருக்கவில்லை. பணப்பெட்டியின் சாவி தேசாதிபதியால் நியமிக்கப்பட்ட நிதிச் செயலாளரிடம் இருந்தது. புகையிரதத் திணைக்களத்தின் பொது முகாமையாளர் வெள்ளையர். இலங்கையரான பீ.டீ. ரம்பாலா அப்பதவிக்கு வந்தது 1955இல்தான்.

ஆகப் பணம் ஒருவரிடம், நிர்வாகம் வேறொருவரிடம், தீர்மானம் ஒரு குழுவிடம், பழி மட்டும் மந்திரியிடம். குழுவில் இருந்த உறுப்பினர்களுக்குத் தத்தம் தொகுதியின் வீதியும் பாலமும் முக்கியமாக இருந்தன என்பது டொனமூர் முறையைப் பற்றி வழமையாகச் சொல்லப்படும் குறை. தமக்கு வாக்களித்தவனிடம் திரும்பிப் போய் எதையாவது காட்ட வேண்டிய உறுப்பினரை அதற்காகக் குறை கூறுவது எளிது. நாடு தழுவிய திட்டம் ஒன்றை வரைந்து, அதில் எந்தப் பாலம் முதலில், எந்த வீதி பின்னால் என்று வரிசைப்படுத்திப் பணத்தோடு பொருத்தும் ஏற்பாடு அமைப்பிலேயே இல்லாதபோது, ஒவ்வொருவரும் தன் பங்கை இழுக்கத்தான் செய்வர். மலேசிய, சிங்கப்பூர் ஒப்பீடுகளை அடுக்கும் இன்றைய விமர்சகர்கள் இலங்கையில் போக்குவரத்துத் திட்டமிடல் ஏன் வேரூன்றவில்லை என வியப்பதுண்டு. அதற்கான விடையின் ஒரு பகுதி இந்தக் குழு அறைகளில் கிடக்கின்றது.

அந்த ஐந்தாண்டுகளின் பெரும் பிரச்சினை புகையிரதத்துக்கும் மோட்டார் வாகனத்துக்கும் இடையிலான போட்டியாகும். இது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியா 1930இல் பஸ்களுக்கும் 1933இல் சரக்கு லொறிகளுக்கும் அனுமதிப்பத்திர முறையைச் சட்டமாக்கியது. இலண்டன் நகரின் பஸ், டிராம், நிலத்தடி இரயில் அனைத்தும் 1933இல் ஒரே சபையின் கீழ் கொண்டு வரப்பட்டன. இந்தியாவில் ஜயகர் குழுவின் சிபாரிசைத் தொடர்ந்து 1929இல் பெற்றோல் மீதான மேலதிக வரியைக் கொண்டு வீதி நிதியம் ஒன்று உருவானது. வீதிக்கும் இரயிலுக்கும் இடையிலான போட்டி குறித்து மிச்சலும் கேர்க்னஸும் ஆராய்ந்து அறிக்கை தர, 1933இல் சிம்லாவில் அதற்கென மாநாடும் கூடியது.

போட்டியின் தன்மை எளியது. புகையிரதம் தனது பாதையைத் தானே போட்டு, தானே பராமரித்து, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைய அதிபர் முதல் கேற் காவலாளி வரை சம்பளம் கொடுத்தாக வேண்டும். லொறிக்கும் பஸ்ஸுக்கும் வீதியைப் போட்டுக் கொடுப்பது அரசாங்கத்தின் பொதுவேலைப் பகுதி. பஸ் முதலாளி அனுமதிக் கட்டணமும் பெற்றோல் தீர்வையும் செலுத்தினால் போதும். வாசலிலே ஏற்றி வாசலிலே இறக்கும் வசதி வேறு. விலையுயர்ந்த, பாரம் குறைந்த சரக்கை லொறி பொறுக்கி எடுத்துக் கொள்ள, பாரமான மலிவுச் சரக்குப் புகையிரதத்துக்கு மிஞ்சியது. பஸ்களுக்கு இடையிலும் ஒழுங்கு இருக்கவில்லை. ஒரே பாதையில் பல பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஓடின. சன நெருக்கமான மேற்குக் கரையில் பயணிகளுக்காக அடிபிடி. ஆளரவம் குறைந்த பாதைகளிலோ மணிக்கணக்கில் காத்திருப்பு.

மந்திரியின் முன் இரண்டு வழிகள் இருந்தன. பஸ்ஸையும் லொறியையும் கட்டுப்படுத்திப் புகையிரதத்தைக் காப்பாற்றலாம். அல்லது புகையிரதத்தை ஒரு வணிக நிறுவனமாகக் கருதி, நட்டம் தரும் பாதைகளைச் சுருக்கலாம். முதல் வழியில் சென்றால் பஸ் உரிமையாளரும் பயணிகளும் பகைப்பார்கள். அத்தோடு வீதியை நம்பியிருந்த தன் சொந்தத் தொகுதியே பாதிக்கப்படும். இரண்டாம் வழியில் சென்றால், பயணிகள் குறைந்த புதிய பாதையான மட்டக்களப்புப் பாதையே முதலில் கத்திக்கு முன் வரும். அவரது காலத்தில் இரண்டுமே முழுமையாக நடக்கவில்லை. ஒரு வழித்தடத்துக்கு ஒருவருக்கே அனுமதி என்ற ஒழுங்கு 1942ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் மூலமே வந்தது. இந்தத் தாமதத்துக்கு மாக்கான் மாக்கார் பொறுப்பாளியா? ஓரளவு பொறுப்பாளிதான் என்பது எமது அபிப்பிராயம். மந்தம் நிலவிய ஆண்டுகளில் பஸ் தொழில் இன்னும் சிறு முதலாளிமாரின் கையில் சிதறிக் கிடந்தது. அப்போது ஒழுங்கு செய்வது ஒப்பீட்டளவில் சுலபம். பின்னர் அது பெரும் கம்பனிகளாகத் திரண்டு, அரசியலில் செல்வாக்கும் பெற்றது.

மறுபுறத்தில், மட்டக்களப்புப் பாதை மூடப்படவில்லை என்பதையும் அவர் கணக்கில் வரவு வைத்தாக வேண்டும். மந்த காலத்தில் அப்பாதை பிழைத்ததன் பயன் பின்னரே தெரிந்தது. டீ.எஸ். சேனாநாயக்காவின் காணி, விவசாய அமைச்சு முப்பதுகளில் மின்னேரியாக் குடியேற்றத்தைத் தொடங்கியபோது குடியேற்றவாசிகளும் பொருட்களும் போய்ச்சேர இந்தப் பாதை ஆயத்தமாக இருந்தது. காட்டுக்குள் போன நட்டப் பாதை நெல்லை ஏற்றும் பாதையாக மாறியது. ஐம்பதுகளில் வாழைச்சேனையில் கடதாசி ஆலை அமைந்தபோதும் புகையிரதம் அருகில் இருந்தது. ஒரு பாதையின் வரவையும் செலவையும் ஐந்து வருடக் கணக்கில் மட்டும் பார்த்திருந்தால் இவற்றில் எதுவும் நடந்திராது. அக்குடியேற்றங்கள் கிழக்கின் இனவிகிதாசாரத்தில் ஏற்படுத்திய மாற்றமும் அதனால் எழுந்த மனக்கசப்பும் வேறு கதை. அதனை இங்கே விரிக்க இடமில்லை.

வான்வழிப் போக்குவரத்துக்கு அடித்தளம் இடப்பட்டதும் இவரது பதவிக் காலத்திலேயே. இரத்மலானையில் விமான நிலையம் அமைப்பதென 1934இல் அரசாங்க சபை முடிவு செய்தது. 1935 நவம்பரில் முதல் விமானம் அங்கே தரையிறங்கியது. அதே காலத்தில் நாடு மலேரியாவால் சீரழிந்து கொண்டிருந்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் அந்தக் கொள்ளை நோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் காவு கொண்டது. மருந்தும் அரிசியும் கிராமங்களுக்குப் போய்ச்சேரும் பாதைகளின் அருமையை நாடு அறிந்து கொண்ட காலம் அது.

1936ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. மட்டக்களப்பு தெற்கு எஸ். தர்மரத்தினத்தின் வசமாயிற்று. அத்தேர்தலில் இலங்கையின் எந்தத் தொகுதியிலும் ஒரு முஸ்லிமேனும் தெரிவாகவில்லை. டொனமூர் சீர்திருத்தத்தின்போது முஸ்லிம் தலைவர்கள் வெளியிட்ட அச்சம் ஐந்தே ஆண்டுகளில் மெய்யாயிற்று. ஏழு குழுக்களிலும் பெரும்பான்மை கிடைக்குமாறு உறுப்பினர்களைப் பகிர்ந்து அமர்த்தியதன் மூலம் முழுவதும் சிங்களவரைக் கொண்ட மந்திரிசபை அமைந்தது. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியரான சி. சுந்தரலிங்கம் என்பது நமது அரசியல் வரலாற்றின் கசப்பான நகைச்சுவை. 1931இன் மந்திரிசபையில் முஸ்லிமான மாக்கான் மாக்காரும் இந்திய வம்சாவளித் தமிழரான பெரி. சுந்தரமும் இருந்தனர். 1936இல் சிறுபான்மையினர் ஒருவரும் இல்லை. போக்குவரத்து, மராமத்துப் பொறுப்பு ஜோன் கொத்தலாவலைக்குப் போயிற்று.

மட்டக்களப்பு தெற்கின் முடிவை இனத்தின் பெயரால் மட்டும் விளக்குவோர் உளர். அத்துடன் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீதிக்கும் பாலத்துக்கும் பொறுப்பான மந்திரி தம்முடைய உறுப்பினராக இருந்த ஐந்தாண்டுகளில் புகையிரதம் மட்டக்களப்பைத் தாண்டவில்லை. மண்முனையில் பாலம் வரவில்லை. பணம் இல்லாத காலம் அது என்பது உண்மை. ஆயினும் ஓடக்கரையில் காத்து நிற்பவனுக்கு உலக மந்தத்தை எப்படி விளங்கப்படுத்துவது? அவர் தமது பதவியைத் தமது தொகுதிக்காக வளைக்கவில்லை எனப் பாராட்டுவதா, தொகுதியை மறந்தார் எனக் குறை சொல்வதா என்பது வாசகர் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

1938இல் அவருக்கு சேர் பட்டம் வழங்கப்பட்டது. 1947இல் சோல்பரி அரசியலமைப்பின் கீழ் அமைந்த செனற் சபையில் உறுப்பினரானார். 1952இல் காலமானார். கொழும்பில் காலி முகத் திடலுக்கு அருகே ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கிழக்கிலே அவர் பெயர் சொல்லும் பாலம் எதுவும் எமது கண்ணுக்குப் படவில்லை.

அவர் விட்டுச் சென்ற பிரச்சினைகள் அவரை விட நீண்ட ஆயுள் கொண்டவையாக இருந்தன. பஸ் கம்பனிகளின் சீர்கேட்டை ஆராயக் குழுக்கள் அமைக்கப்பட்டு, கடைசியில் 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. இலங்கை போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ் லாபம் வராத கிராமத்துக்கும் போனது. பின்னர் அச்சபை உடைக்கப்பட்டது. 1979 முதல் தனியார் பஸ்களுக்கு இடம் கொடுக்கப்பட்டது. மக்கள்மயம் என்ற பெயரில் சிறு கம்பனிகளாக்கப்பட்டது. 2005இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. முப்பதுகளில் மாக்கான் மாக்காரின் குழு அறையில் விடை காணப்படாத கேள்விதான் இத்தனை முறை உருமாறி வந்தது. லாபம் தராத பாதைக்கு யார் பணம் கொடுப்பது?

புகையிரதத்தில் ரம்பாலாவின் காலத்தில் டீசல் இயந்திரங்கள் வந்தன. மட்டக்களப்புக்கு உதயதேவி என்ற பெயரில் வண்டி ஓடியது. பின்னர் போர் வந்தது. பாதை காடு பற்றிப் போயிற்று. வீதிகளும் ஊர்களை இணைப்பதை விடுத்துப் பிரிக்கும் கோடுகளாயின. 1990இல் இரு சமூகங்களும் கண்ட இரத்தத்துக்குப் பின்னர் அடுத்த ஊரின் சந்தியைத் தாண்டுவதற்கே அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. போர்நிறுத்தத்தின் பின் 2003இல் புகையிரதம் மீண்டும் மட்டக்களப்புக்கு வந்தபோது நிலையத்தில் திரண்ட கூட்டத்தில் பயணம் போகாதவர்களும் இருந்தார்கள்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பாலங்கள் வந்தன. கல்லடியில் பழைய இரும்புப் பாலத்துக்கு அருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. இரண்டும் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்டவை. வடக்குப் பாதை இந்தியக் கடனிலும், தெற்கில் மாத்தறையிலிருந்து பெலியத்தை வரையான புதிய புகையிரதப் பாதை சீனக் கடனிலும் அமைந்தன. 2019இல் திறக்கப்பட்ட அந்தப் பெலியத்தைப் பாதைக்குக் காசு கிடைத்த நாட்டில், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் பாதை நீட்டும் யோசனை தேர்தல் மேடைகளைத் தாண்டியதில்லை. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்தபோது, 1931ஐப் போலவே கட்டும் காலம் மீண்டும் ஒருமுறை முடிந்தது.

மாக்கான் மாக்காரின் காலத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று பணப்பெட்டியின் சாவி நம்மவர் கையில் இல்லை. அதன் பிறகு கிழக்கின் முஸ்லிம் தலைவர்களும் தமிழ்த் தலைவர்களும் துறைமுகம் உட்படப் பல அமைச்சுகளை வகித்திருக்கின்றனர். ஒலுவிலில் துறைமுகமும் கட்டப்பட்டது. கல்முனைப் பாதை இரு சமூகத்துக்கும் ஒன்றுபோல் பயன்படக்கூடியது. காத்தான்குடி வணிகருக்கும் களுவாஞ்சிக்குடி மாணவருக்கும் நிந்தவூர் நெல்லுக்கும் அதே தண்டவாளந்தான். ஆனால் அந்தப் பாதையை இரு தரப்பு உறுப்பினர்களும் ஒரே கோரிக்கையாக, ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, செலவு மதிப்பீட்டோடு வரவு செலவுத் திட்டத்தின் முன் வைத்ததாக நாம் அறியோம். கொழும்பிலிருந்து வரும் வண்டி மட்டக்களப்பு நிலையத்தில் நிற்கின்றது. கல்முனைக்குப் போக வேண்டியவர்கள் பையைத் தூக்கிக் கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நடக்கின்றார்கள்.